பூனைக்கும் இனிப்புநீர்

பாரிட் புந்தாரில் உள்ள தாமான் ஒன்றில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளலாம். வாசல் படியில் பன்னிரண்டு வயதுள்ள சாம்பல் நிறப் பூனை ஒன்று படுத்திருக்கிறது. அது பாட்டியின் செல்லம். ஒரு காலத்தில் ஆறு கிலோவுக்கும் மேல் இருந்த கொழுத்த பூனை. இப்போது முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. ஆனால், சாப்பாட்டில் குறைவில்லை. வைத்ததைத் தின்றுவிட்டு இன்னும் கேட்டுக் கத்துகிறது. "நன்றாகத்தானே சாப்பிடுகிறது, வயதானால் இளைக்கத்தான் செய்யும்" என்கிறார் பாட்டி. நான்காம் படிவத்தில் படிக்கும் பேரனின் கண்ணில் வேறொன்று படுகிறது. காலையில் நிரப்பிய தண்ணீர்க் கிண்ணம் பிற்பகலில் காலியாக இருக்கிறது. போன வாரம் கழிப்பறை வாளியிலும் அது வாய் வைத்து நீர் குடித்தது.

நன்றாகச் சாப்பிட்டும் இளைப்பது, ஓயாமல் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் மனிதரிடத்தில் எந்த நோயை நினைப்போமோ, பூனையிடத்திலும் அதையே நினைக்க வேண்டும். பூனைக்கும் இனிப்புநீர் வரும். ஏறக்குறைய இருநூறு பூனைகளுக்கு ஒன்று என்ற கணக்கில் வருவதாக பிரிட்டனில் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஏழெட்டு வயதைத் தாண்டியவை, உடல் பருத்தவை, கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகள், வீட்டுக்குள்ளேயே படுத்துக் கிடப்பவை ஆகியவற்றுக்கு இந்த ஆபத்து அதிகம். தோல் அரிப்புக்காகவும் வாய்ப்புண்ணுக்காகவும் நெடுநாள் ஸ்டீரோய்டு மருந்து கொடுக்கப்பட்ட பூனைகளுக்கும் வரலாம்.

பொதுவாகப் பூனை அதிகம் தண்ணீர் குடிக்கும் விலங்கன்று. ஒரு நாளில், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 50 மில்லிலீட்டர் குடித்தால் போதும்; ஈரமான உணவு தின்றால் அதைவிடக் குறைவாகவே குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லிலீட்டரைத் தாண்டினால் அது நோயின் அறிகுறி. ஐந்து கிலோ பூனை ஒரு நாளில் அரை லீட்டர் தண்ணீர் குடிக்கிறது என்றால், அதை வெயிலின் மேல் பழி போட்டு விட்டுவிடக் கூடாது. பாரிட் புந்தார் வெயிலும் அந்த அளவுக்குப் பூனையைக் குடிக்க வைக்காது. வீட்டிற்குள் மணல் தட்டில் சிறுநீர் கழிக்கும் பூனை என்றால், மணற்கட்டிகள் பெரிதாவதைக் காணலாம். வெளியே போய் வரும் பூனையிடம் அந்தத் தடயமும் கிடைக்காது. ஆகவே கிண்ணத்தை அளவுக் குவளையால் நிரப்பி, மறுநாள் மீதியை அளப்பதுதான் எளிய வழி. அதற்குச் செலவு ஒன்றுமில்லை. வேறு பூனைகளும் அதே கிண்ணத்தில் குடித்தால் கணக்குத் தவறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

தாகத்தைக் கண்டவுடனே இனிப்புநீர் என்று முடிவு கட்டவும் கூடாது. முதிய பூனைகளுக்குச் சிறுநீரகம் பழுதானாலும் இதே தாகம் வரும். தைராய்டு சுரப்பி மிகுதியாக வேலை செய்தாலும் பூனை நன்றாகத் தின்று இளைக்கும். எது எதுவென்று சொல்ல இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்பட வேண்டும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. கூண்டில் அடைத்து, காரில் ஏற்றி, நாய் குரைக்கும் கிளினிக்கில் கொண்டுபோய் வைத்தால் நலமான பூனைக்கும் அச்சத்தால் குளுக்கோஸ் தாறுமாறாக ஏறிவிடும். வழக்கமாக லீட்டருக்கு 4 முதல் 8 மில்லிமோல் வரை இருக்க வேண்டியது 15ஐத் தாண்டினாலும் வியப்பில்லை. அதனால் கால்நடை மருத்துவர் ஒரே ஒரு எண்ணை நம்புவதில்லை. சிறுநீரிலும் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பார். புருக்டோசமின் என்னும் சோதனையையும் செய்வார். இரத்தத்திலுள்ள புரதத்தோடு சர்க்கரை எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைக் கொண்டு, கடந்த ஓரிரு வாரங்களின் நிலையை அது காட்டும். கால் மணி நேர அச்சம் அந்தக் கணக்கை மாற்றாது.

பூனைக்கு வரும் இனிப்புநீர் பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நோயை ஒத்தது. கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. ஆனால், பருத்த உடல் அதற்குச் சரியாகப் பணிவதில்லை. கணையம் மேலும் மேலும் உழைத்துக் களைத்துப்போகிறது. இன்சுலின் சுரக்கும் செல்களின் ஊடே அமிலோய்டு என்னும் புரதம் படிந்து, அவற்றைச் சிதைக்கிறது. குளுக்கோஸ் இரத்தத்திலேயே தங்கி, சிறுநீரில் வழிந்து, தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகிறது. அதுவே தாகத்தின் காரணம். செல்களோ பசியில் வாடுகின்றன. அதுவே இளைப்பின் காரணம். சில பூனைகளுக்கு நரம்பும் பாதிக்கப்பட்டு, பின்னங்கால்களை விரல்களில் ஊன்றாமல் குதிகால் தரையில் படும்படி நடக்கும். அதைப் பார்த்து மூட்டு வலி என்று எண்ணி, தைலம் தடவுவோரும் உண்டு.

சாம்பல் நிறப் பூனைக்கு இனிப்புநீர்தான் என்று உறுதியாகிறது. நாள்தோறும் இருவேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இன்சுலின் போட வேண்டும் என்கிறார் மருத்துவர். வீடு திரும்பும் வழியில் பாட்டி ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஐஸ்பெட்டியைத் திறந்து தம் மருந்தை எடுக்கிறார்.

"ஐயா, இதுவும் இன்சுலின்தானே? ஆஸ்பத்திரியில் கொடுத்தது மீந்து கிடக்கிறது. இதிலேயே கொஞ்சம் போட்டுவிட்டால் என்ன?"

இந்தக் கேள்வி இந்த வட்டாரத்தில் எந்த வீட்டிலும் எழக்கூடியது. நெல்வயல்கள் சூழ்ந்த கிரியான் மாவட்டத்தில் ஒரு காலத்தில் கரும்புத் தோட்டங்களே மிகுதியாக இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் அங்குக் கரும்பு வெட்டினர். மலாய் மொழியில் 'குலா' என்றால் சீனி. கோலா குலா என்னும் ஊர்ப்பெயர் அந்த நாள்களை நினைவூட்டுகிறது. பின்னர்க் கரும்பு போய் ரப்பர் வந்தது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் வயல்களுக்குத் தண்ணீர் தந்தது. சீனி ஆலைகள் மறைந்தன. சீனி மட்டும் தேத்தண்ணீரிலும் பலகாரத்திலும் நின்றுவிட்டது. 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஆறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு, இனிப்புநீர் உள்ளது. இந்தியர்களிடையே இது மற்ற இனத்தாரைவிட அதிகம். ஆகவே ஊசியைக் கண்டு அஞ்சாத கைகள் இங்குப் பல வீடுகளில் உண்டு. அது பூனைக்கு நன்மை. அந்தப் பழக்கமே ஆபத்தாகவும் முடியலாம்.

பாட்டியின் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மனிதருக்கான கிளார்ஜின் என்னும் நீடித்த இன்சுலினைக் கால்நடை மருத்துவர்களே பூனைகளுக்கு எழுதிக் கொடுப்பதுண்டு. ஆயினும், எந்த வகை, எத்தனை யூனிட் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பாட்டிக்கு இருபது முப்பது யூனிட் தேவைப்படலாம். பூனைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு யூனிட்டே போதும். 'கொஞ்சம்' என்று கையளவில் போடக்கூடிய மருந்தன்று இது.

அடுத்த ஆபத்து ஊசிக்குழலில் இருக்கிறது. மனிதருக்கான இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலீட்டரில் 100 யூனிட் கொண்டது. விலங்குகளுக்கென்றே செய்யப்படும் இன்சுலின் வகைகள் ஒரு மில்லிலீட்டரில் 40 யூனிட் கொண்டவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. கோடுகள் அந்தந்தச் செறிவுக்கு ஏற்பப் போடப்பட்டிருக்கும். 40 யூனிட் குழலில் 2 என்ற கோடு 0.05 மில்லிலீட்டரைக் குறிக்கும். அந்தக் குழலில் 100 யூனிட் மருந்தை 2ஆம் கோடு வரை இழுத்தால், உள்ளே இருப்பது 2 யூனிட் அன்று; 5 யூனிட். இரண்டரை மடங்கு. மாற்றி, 40 யூனிட் மருந்தை 100 யூனிட் குழலில் 2ஆம் கோடு வரை இழுத்தால் 0.8 யூனிட்தான் கிடைக்கும். மருந்து போட்டும் பயனில்லையே என்று வீடு குழம்பும். கணிதப் பாடத்தில் இது ஒரு சிறு பெருக்கல். ஐந்து கிலோ உடலில் அது உயிர்ப் பிரச்சினை. பாட்டியின் மருந்தும் பூனையின் மருந்தும் ஐஸ்பெட்டியில் வெவ்வேறு தட்டில், வெவ்வேறு டப்பாவில் இருக்க வேண்டும், குழல்களும் அப்படியே.

இந்த மருந்து எப்படி வந்தது என்பதிலும் விலங்குகளுக்குப் பங்கு உண்டு. 1889இல் ஜெர்மானிய ஆய்வாளர்களான மிங்கோவ்ஸ்கியும் வான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு இனிப்புநீர் வந்தது. நோய்க்கும் கணையத்திற்கும் உள்ள தொடர்பு அப்படித்தான் புலப்பட்டது. 1921இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் கணையத்திலிருந்து எடுத்த சாற்றைக் கொண்டு, இனிப்புநீர் கண்ட நாய்களைப் பிழைக்க வைத்தனர். 1922 ஜனவரியில் லெனர்ட் தோம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகப் போடப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்தே மனிதருக்கான இன்சுலின் எடுக்கப்பட்டது. பூனையின் இன்சுலின் மாட்டின் இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தில்தான் வேறுபடுகிறது என்பது பலருக்கு வியப்பூட்டும் செய்தி. நாயின் உடலில் கற்ற பாடம் மனிதனுக்கு வந்து, இப்போது பூனைக்குப் போகிறது.

ஊசி போடுவது பாட்டி அஞ்சிய அளவுக்குக் கடினமாக இல்லை. ஊசி மிக மெல்லியது. பூனை கிண்ணத்தில் தலை வைத்துத் தின்றுகொண்டிருக்கும்போது, விலாப் பக்கத்துத் தோலைக் கூடாரம்போல் தூக்கி, அதன் அடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். பல பூனைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஒரே இடத்தில் நாள்தோறும் குத்தாமல் இடம் மாற்றிக் குத்துவது நல்லது. உரோமம் அடர்ந்த பூனையில் ஊசி மறுபக்கம் வெளியே வந்து, மருந்து உரோமத்தில் சிந்திவிடுவது உண்டு. கை ஈரமானால் 'போகவில்லையோ' என்று இன்னொரு முறை போடத் தோன்றும். போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாத நிலையில், அந்த வேளையை அப்படியே விட்டுவிடுவதே சரி. காலையில் அம்மா போட்டாரா, பேரன் போட்டானா என்ற ஐயம் வந்தாலும் அதுவே விதி. ஒரு வேளை மருந்து தவறினால் சர்க்கரை சற்று ஏறும், அவ்வளவுதான். இருமுறை போட்டால் பூனை இறக்கக்கூடும். அந்த வீட்டில் ஐஸ்பெட்டிக் கதவில் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. மருந்து போட்டவர் உடனே அதில் குறியிட வேண்டும். குழலைக் கீழே வைத்த பிறகு அன்று, கையிலிருக்கும்போதே.

இன்சுலினால் வரும் பேராபத்து சர்க்கரை கூடுவதன்று, குறைவதுதான். இனிப்புநீர் என்ற சொல்லே சர்க்கரை கூடுவதை மட்டும் நினைவில் நிறுத்துவதால் பலர் இதை மறந்துவிடுகின்றனர். குளுக்கோஸ் மிகவும் இறங்கினால் பூனை சோர்ந்து தள்ளாடும். கூப்பிட்டால் வெறித்துப் பார்க்கும். பிறகு வலிப்பு வரும். தின்னும் நிலையில் இருந்தால் உடனே உணவு கொடுக்க வேண்டும். தின்ன முடியாவிட்டால் தேனையோ குளுக்கோஸ் பாகையோ விரலால் ஈறில் தடவ வேண்டும். வலிப்பு வந்த பூனையின் வாய்க்குள் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழலில் இறங்கிவிடும், விரலையும் கடித்துவிடும். பூனை தெளிந்து எழுந்தாலும் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும், ஏனெனில் உள்ளே போன இன்சுலின் இன்னும் சில மணி நேரம் வேலை செய்துகொண்டிருக்கும். பூனை காலையில் உணவைத் தொடவில்லை என்றால் வழக்கமான அளவைப் போட்டுவிடாமல் மருத்துவரை அழைத்துக் கேட்பதும் இதனால்தான். எதிர்த் திசையிலும் ஓர் அவசர நிலை உண்டு: பூனை உண்ணாமல், வாந்தி எடுத்து, மூச்சில் ஒருவித இனிப்பு நெடி வீசினால், கொழுப்பு கரைந்து உண்டாகும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்கிக்கொண்டிருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உணவைப் பற்றிப் பேசாமல் இந்த நோயைப் பற்றிப் பேச முடியாது. நெல் விளையும் ஊரில் பூனைக்கும் சோறுதான். கெம்போங் மீனை அவித்து, முள் நீக்கி, சோற்றில் பிசைந்து வைப்பது பாட்டியின் நாற்பது ஆண்டு வழக்கம். பூனையோ இறைச்சி தின்னவே படைக்கப்பட்ட உயிர். அதன் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இல்லை. அதற்கு வேண்டிய குளுக்கோஸைப் புரதத்திலிருந்தே அதன் கல்லீரல் தயாரித்துக்கொள்கிறது. சோறு தின்றதால்தான் இனிப்புநீர் வந்தது என்று பாட்டியைக் குற்றம் சாட்ட முடியாது. பருமனே பெரிய காரணம். ஆனால், நோய் வந்த பிறகு மாவுச்சத்துக் குறைந்த, புரதம் மிகுந்த உணவு பெரிதும் உதவுகிறது. டின்னில் வரும் ஈர உணவுகளில் பல இத்தகையவை. பொட்டலத்தில் வரும் உலர் உருண்டைகளில் மாவு அதிகம். வெறும் மீன் மட்டும் கொடுப்பதும் போதாது, பூனைக்குத் தேவையான எல்லாச் சத்தும் அதில் இல்லை. இதில் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிட்டு இன்சுலினைப் பழைய அளவிலேயே போட்டால் சர்க்கரை சரசரவென்று இறங்கும். எனவே மருத்துவருக்குச் சொல்லிவிட்டுத்தான் உணவை மாற்ற வேண்டும்.

பருத்த பூனையைப் பட்டினி போட்டு இளைக்க வைப்பதும் தவறு. பல நாள் உண்ணாத பூனையின் கல்லீரலில் கொழுப்பு தேங்கி, அதுவே உயிரைக் குடிக்கும். வாரத்திற்கு உடல் எடையில் ஒரு விழுக்காடு அளவுக்குக் குறைந்தால் போதுமானது.

இவ்வளவு கட்டுப்பாட்டுக்குப் பிறகும் சில நாள்களில் எண்கள் ஏறியே இருக்கின்றன. பேரன் குழம்புகிறான். காரணம் வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு மலாய் மூதாட்டி நாள்தோறும் மாலையில் ஒரு கைப்பிடி உலர் உணவு வைக்கிறார். பூனை அங்கும் போய்த் தின்றுவிட்டு வருகிறது. அவர் செய்வது அன்பினால். பாட்டி நேரில் போய்த் தம் நோயைச் சுட்டிக் காட்டியே விளக்குகிறார். அந்த அம்மையாருக்கும் அதே நோய் இருப்பதால் விளக்கம் நீளவில்லை. அவருடைய பேத்தி ஊசி போடவும் கற்றுக்கொள்கிறாள். இது பின்னால் பெரிய உதவியாகிறது. தைப்பூசத்திற்குப் பினாங்கு போகும் இரண்டு நாளும் பூனைக்கு யார் மருந்து போடுவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

எண்கள் வீட்டிலேயே எடுக்கப்படுகின்றன. காது மடலை வெதுவெதுப்பான துணியால் சற்றுச் சூடாக்கி, ஓரத்தில் மெல்லக் குத்தினால் ஒரு துளி இரத்தம் வரும். வீட்டில் பூனை அமைதியாக இருப்பதால் கிளினிக்கில் எடுத்த எண்ணைவிட இது நம்பத்தக்கது. பாட்டியின் கருவியை இதற்கும் பயன்படுத்தலாமா என்றால், அதிலும் கவனம் வேண்டும். மனித இரத்தத்தில் குளுக்கோஸின் ஒரு பெரும்பகுதி சிவப்பணுக்களுக்குள் இருக்கிறது. பூனையின் இரத்தத்தில் ஏறக்குறைய அனைத்தும் பிளாஸ்மாவிலேயே இருக்கிறது. மனிதருக்கென்று அளவிடப்பட்ட கருவி இதனால் பூனைக்கு உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். விலங்குகளுக்கான கருவி இருந்தால் நல்லது. இல்லையென்றால் எந்தக் கருவி என்பதை மருத்துவரிடம் சொல்லி, எப்போதும் அதே கருவியில் எடுக்க வேண்டும். காட்டிய எண்ணைப் பார்த்து மருந்தின் அளவைத் தாமாகவே கூட்டுவதும் குறைப்பதும் கூடாது. எழுதி வைத்துக் காட்டுவதே வீட்டாரின் வேலை.

மருந்துக் குப்பியை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடக் கூடாது. உறைபெட்டியிலும் வைக்கக் கூடாது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரை அதற்கு ஏற்றது. சில வகைகளை உள்ளங்கைகளுக்கு இடையே மெல்ல உருட்ட வேண்டும், சிலவற்றைக் குலுக்க வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தாளைப் படித்தால் தெரியும். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான டப்பாவில் சேர்த்துக் கிளினிக்கில் ஒப்படைக்கலாம். குப்பை அள்ளுபவரின் கையைக் குத்தும்படி வெறும் பையில் போடுவது கொடுமை.

ஊசிக்கு மாற்றாக, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் வாய்வழி மருந்துகளுக்கு அமெரிக்காவில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் ஒப்புதல் கிடைத்தது. அவை எல்லாப் பூனைகளுக்கும் பொருந்தமாட்டா. முன்பே இன்சுலின் பெற்ற பூனைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற தடையும் உண்டு.

செலவு, நேரம், விடுமுறை இழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்து, ஒரு கிழட்டுப் பூனைக்கு இவ்வளவு தேவையா என்று உறவினர் கேட்பது இயல்பே. மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் தம் விலங்கை வலியிலிருந்தும் நோயிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. பாட்டி சட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. "எனக்கு நீங்கள் போடுகிறீர்களே, அதற்கும் போடுங்கள்" என்கிறார்.

இந்த நோயில் மனிதருக்குக் கிடைப்பதைவிடப் பூனைக்கு ஒரு நல்வாய்ப்பு அதிகம். தொடக்கத்திலேயே கண்டறிந்து, உணவையும் இன்சுலினையும் ஒழுங்காகக் கொடுத்தால், களைத்த கணையம் தேறி, இன்சுலினே தேவைப்படாத நிலையைக் கணிசமான பூனைகள் அடைகின்றன. பெரும்பாலும் இது முதல் சில மாதங்களில் நிகழ்கிறது. அப்போதும் பழைய அளவையே போட்டுக்கொண்டிருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும் என்பதால், எண்கள் குறைந்துகொண்டே வந்தால் மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். ஊசி நிறுத்தப்பட்ட பூனைகளில் ஒரு பகுதிக்கு நோய் மீண்டும் திரும்புகிறது. அதனால் அந்த வீட்டில் அளவுக் குவளையை யாரும் எடுத்து வைக்கவில்லை. காலையில் முந்நூறு மில்லிலீட்டர் ஊற்றி, மறுநாள் மீதியை அளந்து, பேரன் பள்ளிக்குப் புறப்படுமுன் நாட்காட்டியில் எழுதுகிறான்.